பழைய ஏர்ஃபிக்ஸ் சிக்னல் பாக்ஸ் கிட்டை நம் ஊர்க் கேபினாகக் கட்டுவது எப்படி?

கிருஷ்ணகிரியிலிருந்து நீங்கள் எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது. உங்கள் தாய்மாமா வீட்டுப் பரணில் கிடந்த பெட்டிகளில், இன்னும் கட்டப்படாத பழைய ஏர்ஃபிக்ஸ் சிக்னல் பாக்ஸ் கிட் ஒன்று, அதாவது ரயில் சிக்னல்களை இயக்கும் கேபினின் மாதிரியைப் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டுவதற்கான தொகுப்பு, கிடைத்திருக்கிறது. கூரைப் பாகம் லேசாக வளைந்திருக்கிறது, சன்னலுக்கான கண்ணாடித் தாள் பழுப்பேறியிருக்கிறது, உடன் வைத்திருந்த பசைக் குழாய் இறுகிவிட்டது. எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் நீங்கள் அமைத்துவரும், 1930களின் மொரப்பூர் சந்திப்பைத் தழுவிய மாடல் ரயில் லேஅவுட்டில் இதைச் சேர்க்கலாமா, சேர்ப்பதானால் நம் பக்கத்துக் கட்டடமாகத் தெரிய என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் நுணுக்கங்களைக் கூட்டத் தொடங்குவதற்கு முன் தடிமனைக் குறைக்க வேண்டும் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. பழைய கிட் ஒன்று பொம்மையைப்போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், தேவைக்கு மீறிப் பருத்திருக்கும் அதன் ஓரங்கள்தான்.

கையில் இருப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் பாதையோரக் கட்டடங்களை ஓ.ஓ. அளவில், அதாவது 1:76 விகிதத்தில், வரிசையாக வெளியிடத் தொடங்கியது. அவற்றில் ஒன்றான இந்தச் சிக்னல் பாக்ஸ், இங்கிலாந்தின் ரட்லண்ட் பகுதியில் ஓக்கம் லெவல் கிராசிங் அருகே நிற்கும் மிட்லண்ட் ரயில்வே காலத்துக் கேபினை முன்மாதிரியாகக் கொண்டது. 1981இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்துப்போன பிறகு, அந்தப் பத்தாண்டுக்குள்ளாகவே இந்த வரிசையின் அச்சுகள் டேபோல் நிறுவனத்திடம் சென்று சேர்ந்தன. அதே அச்சுகளில் வார்த்த கிட்டுகளை அவர்கள் தொடர்ந்து விற்றுவந்திருக்கிறார்கள். எனவே இதைக் கட்டினால் கிடைத்தற்கரிய பொருள் ஒன்று அழிந்துவிடுமோ என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. பாகம் ஏதேனும் உடைந்தாலும் மாற்றுப் பாகத்துக்கு வழி இருக்கிறது. பெட்டியின் படத்தையும் செய்முறைத் தாளையும் மட்டும் தொடங்கும் முன்பே ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தை நெகிழி உறையில் போட்டு வையுங்கள். மாமாவின் கையெழுத்து அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை வேலை மேசைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

அடுத்து, இந்தக் கட்டடம் உங்கள் லேஅவுட்டுக்குப் பொருந்துமா என்ற கேள்வி. மொரப்பூர்–தர்மபுரி குறும்பாதை 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர்வரை நீட்டப்பட்டது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதை அதற்குச் சற்று முன்பாக 1905இல் வந்தது. அடிக்கடி பஞ்சம் தாக்கிய பகுதி என்பதால், பஞ்சக் காப்புப் பாதைகளாகப் போடப்பட்ட இந்த இரண்டின் அகலமும் 762 மி.மீ.; இரண்டும் 1941இல் மூடப்பட்டன. இந்த 762 மி.மீ. பாதையை எச்.ஓ. அளவான 1:87க்குச் சுருக்கினால் 8.8 மி.மீ. வருகிறது. கடைகளில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் அதற்கு ஏறத்தாழ அச்சொட்டாகப் பொருந்துகிறது என்பது நம் மாவட்டத்து மாடல் ரயில் ஆர்வலர்களுக்கு வாய்த்த நல்ல வாய்ப்பு. அகலப் பாதைக்கு இந்தச் சௌகரியம் இல்லை. நம் 1676 மி.மீ. பாதை 1:87இல் 19.3 மி.மீ. இருக்க வேண்டும்; நீங்கள் வாங்கியிருப்பது 16.5 மி.மீ. தண்டவாளம். அந்தக் குறையைக் கண் விரைவில் ஏற்றுக்கொண்டுவிடும். அதற்காகத் தண்டவாளத்தைக் கையால் போட முயன்று, கட்டடத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிட் 1:76, லேஅவுட் 1:87 என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது. வித்தியாசம் ஏழில் ஒரு பங்கு. கட்டடங்களுக்கு நிலையான அளவு கிடையாது என்பதை நினைவில் கொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். 1:76இல் வார்த்த கேபினை 1:87 உலகில் வைத்தால், அது சற்றே பெரிய கேபினாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு சந்திப்பு நிலையத்தின் கேபின் பெரிதாக இருப்பதில் வியப்பும் இல்லை. அளவைக் காட்டிக்கொடுப்பவை மனித உடம்போடு தொடர்புள்ள பாகங்கள் மட்டுமே: கதவு, படி, கைப்பிடிக் கம்பி, சன்னலின் அடிமட்டம். 2 மீட்டர் உயரக் கதவு 1:76இல் 26 மி.மீ.; 1:87இல் 23 மி.மீ. கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 90 செ.மீ. இருக்கும் என்று கொண்டால், உங்களுக்கு வேண்டியது 10 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டிய உயரம். ஆகவே கதவையும் படிக்கட்டையும் கைப்பிடியையும் 1:87 கணக்கில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். சுவரையும் கூரையையும் அளவின் பொருட்டுத் தொட வேண்டாம். மேல்தளத்தின் தரையை உள்ளே 2 மி.மீ. உயர்த்திவிட்டால், 19 மி.மீ. உயரமுள்ள எச்.ஓ. ஆள் சன்னல் வழியாக இயல்பாக வெளியே பார்ப்பார். உயர்த்தாமல் விட்டால், எட்டிப் பார்க்கும் சிறுவன்போலத் தெரிவார்.

வேலையைக் கழுவுவதிலிருந்து தொடங்குங்கள். பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் ஸ்ப்ரூ என்ற வார்ப்புச் சட்டத்திலிருந்து பிரிக்காமலே, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதில் பிரிவதற்காகப் பூசியிருந்த எண்ணெய்ப் பசையும் பல ஆண்டுத் தூசியும் போகாமல் பெயின்ட் பிடிக்காது. வளைந்த கூரைப் பாகத்தை நிமிர்த்த வெந்நீர் போதும். இந்தக் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிவிடும். எனவே கொதிநீரில் போடக் கூடாது. 70 டிகிரி அளவிலான நீரில் சிறிது நேரம் வைத்து எடுத்து, சமதளமான இரண்டு பரப்புகளுக்கு நடுவே அழுத்தி, முழுவதும் ஆறும்வரை எடையை எடுக்காமல் விடுங்கள். முதலில் ஸ்ப்ரூ சட்டத்தின் துண்டு ஒன்றைப் போட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. சமதளத்துக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைகளில் கழிக்கப்படும் பாலிஷ் செய்த துண்டுக்கல் ஒன்று கிடைத்தால், அதைவிட நம்பகமான தளம் இந்த வேலைக்கு வேறு இல்லை. வளைவை நிமிர்த்தவும், அதன்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டிச் சுவர் விளிம்புகளைத் தேய்க்கவும், பிறகு சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டவும் அந்த ஒரே கல் கடைசிவரை உதவும்.

இனி தடிமன். கூரை ஓரம் 1.5 மி.மீ. இருந்தால், 1:76 கணக்கில் அது 11 செ.மீ. கனமுள்ள கூரை. உண்மையான ஸ்லேட் பலகையோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனமுள்ளது. சன்னலின் குறுக்குச் சட்டம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால், அது ஏழரை செ.மீ. கட்டை, உண்மையில் கண்ணாடியைப் பிடிக்கும் சட்டம் இரண்டு அல்லது இரண்டரை செ.மீ.க்கு மேல் இராது. இந்தக் கணக்கை ஒவ்வொரு பாகத்துக்கும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், எதைச் சீர்செய்ய வேண்டும், எதை அப்படியே விடலாம் என்பது தானாகத் தெளிவாகும். உதாரணமாக, அதே 1.5 மி.மீ. கனம் சுவருக்குக் குறையே இல்லை. அரைச் செங்கல் சுவரின் கனம் அது.

ஓரங்களை மெலிதாக்க முழுப் பாகத்தையும் தேய்க்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் படுவது விளிம்பு மட்டுமே என்பதால், கூரையின் உட்புறத்தில் விளிம்பிலிருந்து ஐந்தாறு மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சுரண்டி, விளிம்பு அரை மி.மீ. கனத்துக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். கட்டர் பிளேடை வெட்டுவதுபோல் பிடிக்காமல், ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்தி உங்களை நோக்கி இழுத்தால் மெல்லிய சுருள்களாகப் பிளாஸ்டிக் உதிரும்; ஆழமாகக் கடிக்காது. பழைய பிளாஸ்டிக் சற்று நொறுங்கும் தன்மை கொண்டதாக இருக்கலாம் என்பதால், ஒரே இழுப்பில் அதிகம் எடுக்க முயல வேண்டாம். பிறகு 400, 600, 1000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேயுங்கள். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, மூக்குக்கும் நல்லது.

சன்னல் சட்டங்களை இதே முறையில் பின்புறமிருந்து தேய்த்து மெலிதாக்கலாம். முகப்பில் தெரியும் அகலத்தையும் குறைக்க வேண்டுமானால் ஊசி அரத்தால் உட்பக்கங்களை மெல்ல மெல்ல ராவ வேண்டியிருக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை என்றாலும், கேபின் என்பதே சன்னல்களால் ஆன கட்டடம் என்பதால் இங்கே செலவிடும் நேரம் வீணாகாது. உடைந்துபோன குறுக்குச் சட்டங்களுக்குப் பதிலாக 0.3 மி.மீ. கம்பியையோ, ஸ்ப்ரூ சட்டத்தின் துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி இளக்கி இழுத்தெடுத்த மெல்லிய இழையையோ பொருத்தலாம். பழுப்பேறிய கண்ணாடித் தாளை எறிந்துவிடுங்கள். அதைத் தெளிய வைக்கச் செலவிடும் உழைப்புக்கு, புதுச் சட்டைப் பெட்டியின் மேல்மூடியில் இருக்கும் தெளிவான தாளை வெட்டிப் பொருத்துவது எவ்வளவோ மேல். கண்ணாடியை ஒட்ட ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி படிந்து தாள் முழுவதும் வெள்ளை பூத்துவிடும். ஃபெவிகால் போதும். உலர்ந்தால் தெளிவாகிவிடும், பிழை நேர்ந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம்.

சுவர்களை ஒட்டுவதற்குக் குழாயில் வரும் கெட்டிப் பசையைவிட, தூரிகையால் தொட்டு வைக்கும் நீர்த்த கரைப்பான் பசை சிறந்தது. இரண்டு பாகங்களையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, இணைப்பின் உட்புறத்தில் தூரிகை நுனியால் தொட்டால், பசை தானாகவே இடுக்கு நெடுகிலும் ஓடிப் பரவும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை அதற்கு மாற்றாகச் சிலர் பரிந்துரைப்பார்கள். தனி அசிட்டோன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் குழைத்துவிட்டு, இணைப்பு கெட்டிப்படுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும். மூலைகளின் உட்புறத்தில் சதுரமான பிளாஸ்டிக் கட்டை ஒன்றை வைத்து ஒட்டினால், பிற்காலத்தில் சுவர் பிதுங்காது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒட்டிய பாகத்தை ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். கூரையை மட்டும் எப்போதும் ஒட்டக் கூடாது. உள்ளே விளக்கு பழுதானாலும், பொம்மை கழன்று விழுந்தாலும் கூரையைத் தூக்கத்தான் வேண்டியிருக்கும்.

இப்போது ஊரை மாற்றும் வேலை. மொரப்பூரில் நின்ற கேபினின் நகலாக இதை ஆக்க முயல வேண்டாம். தென்னிந்திய ரயில்வேயின் பாதையோரத்தில் நின்றிருக்கக்கூடிய ஒரு கேபின் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும். நெம்புகோல் வரிசை, கம்பிகள், உயரமான கண்ணாடி அறை ஆகிய எல்லாமே பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றி நம்மிடம் வந்தவை என்பதால், மேல்தளத்தின் அமைப்பை மாற்ற வேண்டியதே இல்லை. மாற்ற வேண்டியவை கீழ்த்தளச் சுவரும் கூரையும்தான். மழையும் குளிரும் மிகுந்த நாட்டின் மரப்பலகைச் சுவரைக் கருங்கல் மலிந்த நம் ஊரில் தரைவரை கொண்டுவர எந்த மேஸ்திரியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கீழ்ச்சுவருக்கு 3 மி.மீ. சன்போர்டை (விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் இலகுவான நுரை அட்டை) வெட்டி, பிளாஸ்டிக் சுவரின்மேல் ஒட்டுங்கள். மேல்தள மரச்சுவரைவிடக் கீழ்க்கல்சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கனமான கல்சுவரின்மேல் இலகுவான மரத்தளம் உட்காரும் கட்டடத்துக்கு அதுவே சரியான அமைப்பு. கற்களைக் கூரிய கத்தியால் கீற வேண்டாம். முனை மழுங்கிய பென்சிலாலோ, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவாலோ அழுத்தி வரைந்தால், கல்லின் விளிம்பு உருண்டு இயல்பாக விழும். ஒரு வரிசையின் உயரம் இரண்டரை மி.மீ., கல்லின் நீளம் மூன்றரை முதல் ஐந்து மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 22 செ.மீ. உயரமும், ஏறத்தாழ 30 முதல் 43 செ.மீ. நீளமும் உள்ள கற்களாகிவிடும். செங்குத்து இணைப்புகள் அடுத்தடுத்த வரிசைகளில் ஒன்றன்கீழ் ஒன்று வரக் கூடாது. மூலையில் நீளக்கல்லும் குட்டைக்கல்லும் மாறி மாறி வர வேண்டும். சன்போர்டு துண்டுகள் சந்திக்கும் மூலையில் கோடுகள் இரு பக்கமும் சேராமல் போவதுதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும். அதனால் இரண்டு துண்டுகளையும் 45 டிகிரி சரிவில் வெட்டி ஒட்டிய பிறகு, கற்களை மூலையிலிருந்து தொடங்கி வரையுங்கள்.

பாதையை நோக்கிய சுவரின் அடியில் ஒரு நீண்ட திறப்பு விட வேண்டும். கேபினிலிருந்து பாயின்ட்டுகளை, அதாவது வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்புகளை, இயக்கும் கம்பிகளும், சிக்னல்களை இழுக்கும் வயர்களும் அதன் வழியாகத்தான் வெளியே வரும். எவ்வளவோ அழகாகக் கட்டிய கேபின்களில்கூட இந்தத் திறப்பு இல்லாமல் போவதைப் பார்க்கிறேன். அது இல்லையென்றால் மேலே நிற்கும் நெம்புகோல்களுக்கு வேலையே இல்லை. திறப்பின்மேல் ஒரே கல்லாகப் பாவுகல் ஒன்றைக் காட்டுங்கள். நம் ரயில்வேயில் பாயின்ட் கம்பியின் விட்டம் 33 மி.மீ.; 1:87இல் அது 0.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 0.4 மி.மீ. பித்தளைக் கம்பிகளை இணையாகப் போட்டு, மங்கிய துரு நிறம் பூசி, அருகிலிருக்கும் முதல் பாயின்ட்வரை கொண்டுபோனாலே போதும்.

கூரைக்கு நான் பரிந்துரைப்பது வரித்தகடு, அதாவது நெளிநெளியான கூரைத் தகரம். கிட்டின் ஸ்லேட் வரிகளின்மேல் தகட்டைப் போர்த்திவிட்டால், நிமிர்த்திய பிறகும் எஞ்சியிருக்கும் சிறு வளைவுகள் மறைந்துவிடும். நாட்டின் அடையாளமும் மாறிவிடும். வரித்தகட்டின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே வழக்கமான தூரம் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ.; எச்.ஓ. அளவில் 0.87 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்5 போல்ட்டின் மரைக்கு இடைவெளி 0.8 மி.மீ. இதைவிடப் பொருத்தமான அச்சு வேறென்ன வேண்டும்? பிரியாணி பார்சலுக்குத் தரும் அலுமினியப் பெட்டியின் அடிப்பகுதியைச் சமமாகத் தேய்த்து விரித்து, பழைய சைக்கிள் டியூப் துண்டின்மேல் வைத்து, முழுநீளமும் மரையுள்ள எம்5 கம்பியை அதன்மேல் அழுத்தி ஒரே திசையில் ஒருமுறை உருட்டுங்கள். மரை சுருளாகச் சுற்றியிருப்பதால் வரிகள் மூன்று டிகிரி அளவுக்குச் சாய்வாக விழும். தகட்டை வெட்டும்போது வரிக்கு இணையாக வெட்டிக்கொண்டால் அந்தச் சாய்வு மறைந்துவிடும். முன்னும் பின்னுமாக உருட்டினால் வரிகள் கலைந்துவிடும், ஒரே உருட்டுதான். 8 அடித் தகட்டுக்கு 28 மி.மீ. நீளம் வைத்து, அகலம் 8 மி.மீ. அளவில் தனித்தனித் துண்டுகளாக வெட்டி, கீழ்வரிசையிலிருந்து தொடங்கி, மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் 2 மி.மீ. படியுமாறு ஒட்டிக்கொண்டே போங்கள். முழுக் கூரைக்கும் ஒரே தகடாகப் போட்டால் உயிர் இருக்காது. ஒன்றிரண்டு துண்டுகளின் மூலையை இம்மியளவு தூக்கிவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். பணியில் இருக்கும் கேபினின் கூரையை ரயில்வே பிய்ந்துபோக விட்டிருக்காது. நான்கு சரிவுகள் சந்திக்கும் முகடுகளுக்கு மடித்த அலுமினியப் பட்டை போதும்.

இங்கிலாந்து மழைக்கென்று கிட்டில் இருக்கும் மழைநீர்க் குழாய்களைத் தவிர்த்துவிட்டு, அந்த இடத்தில் மேற்கு வெயில் படும் சன்னல்களுக்குமேல் குறுகிய தகரச் சாய்ப்பு ஒன்றை வைப்பது நம் ஊருக்குப் பொருந்தும். சாய்ப்பைத் தாங்க மூன்று மெல்லிய முட்டுகள் வைத்தால் நிழல் சன்னலின் மேல்பாதியில் விழும். பெயின்டால் கொண்டுவர முடியாத ஆழத்தை அந்த நிழல் தந்துவிடும்.

படிக்கட்டுக்கும் கதவுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தேவைப்படும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் பொறித்த தயிர், ஐஸ்கிரீம் கோப்பைகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அதே கரைப்பான் பசை அவற்றையும் பிடிக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ.; கதவுக்கும் படிகளைத் தாங்கும் பக்கப் பலகைகளுக்கும் பொருந்தும். ஆனால் அது பி.வி.சி. என்பதால், அதை ஒட்ட ஃபெவிக்விக் வேண்டும். கைப்பிடிக்கு 0.4 மி.மீ. கம்பி.

கேபினுக்குள் எதை வைப்பது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். நெம்புகோல்களைக் குண்டூசித் தண்டுகளால் செய்து, நிறங்களைச் சரியாகக் கொடுங்கள்: நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, முன்னெச்சரிக்கை தரும் வார்னர் சிக்னலுக்குப் பச்சை, பாயின்ட்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், பயன்படாத உதிரி நெம்புகோலுக்கு வெள்ளை. கைபடும் மேல்நுனி எப்போதும் துடைத்துத் துடைத்து மின்னும் எஃகு. அதற்குப் பெயின்ட் கிடையாது. உங்கள் பாதை ஒற்றைப் பாதையென்றால் நீல்ஸ் பந்து டோக்கன் கருவி (ஓட்டுநருக்கு அனுமதி அடையாளமாகத் தரும் பந்தை வெளியிடும் கருவி) ஒன்றை மூலையில் சிவப்பாக நிறுத்தி, டோக்கனை ஓடும் வண்டிக்குக் கொடுக்கும் பிரம்பு வளையம் ஒன்றைக் கதவருகே மாட்டுங்கள். சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி போதும். வெளிப்படிக்கட்டின் மேல்தளத்தில் சிவப்புத் தீ வாளிகளும், எம்-சீலை உருட்டிச் செய்த, மிளகளவு மண்பானையும் இருக்கட்டும். இதற்கு மேல் உள்ளே எதையும் அடைக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கும்போது நெம்புகோல் வரிசையும் ஒரு மனிதரும் தெரிந்தால் போதுமானது. இன்று நாம் காணும் மஞ்சள் நிற மும்மொழிப் பெயர்ப்பலகையை 1930களின் கேபினில் மாட்டிவிடாதீர்கள். விளக்குக்கு மஞ்சள் சாயலுள்ள வெள்ளை (வார்ம் ஒயிட்) எல்.இ.டி. ஒன்றை 12 வோல்ட்டில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் இணைத்தால் ஏறத்தாழ 2 மில்லிஆம்பியர்தான் ஓடும். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கல் அதில் கிடைக்கும். சூடேறும் பழைய வகைக் குமிழ் பல்பு வேண்டாம். அது பாலிஸ்டைரீன் கூரையை இளக்கிவிடும். விளக்கு போடுவதானால், சுவர்களின் உட்புறத்தில் முதலில் கறுப்பு பூசிவிடுங்கள். இல்லையென்றால் சுவர் முழுவதும் ஒளி கசியும்.

வண்ணம் தீட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரைமர் அடித்த பிறகு எல்லா நிறங்களிலும் சிறிது வெண்மை கலந்து மங்க வையுங்கள். சிறிய பரப்பில் அசல் நிறம் அடர்த்தியாகத் தெரியும். சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் எங்கும் வேண்டாம். கோடையில் ஸ்ப்ரே அடிப்பதானால் காலையில் அடியுங்கள்; உச்சிவெயிலில் பெயின்ட் காற்றிலேயே உலர்ந்து, பரப்பில் மாவுபோல் சொரசொரப்பாகப் படியும். கல்சுவருக்குச் சாம்பல் நிறம் பூசி, சில கற்களை மட்டும் இளஞ்சிவப்புச் சாயலிலும் கருஞ்சாம்பலிலும் தனித்தனியாகத் தொட்டுவிட்டு, இடுக்குகளில் சுண்ணாம்புக் கலவையின் நிறத்தை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டுத் துடையுங்கள்.

கட்டடம் மண்ணில் ஊன்றி நிற்பதைக் காட்டும் வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கேபினைப் பலகையின்மேல் வைத்துச் சுற்றிலும் மண்ணைத் தூவினால், அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மாறாக, கல்சுவரை 3 மி.மீ. கூடுதல் உயரத்தோடு செய்து, பலகையில் அதே அளவு பள்ளம் வெட்டி, கேபினை அதற்குள் இறக்குங்கள். மழைநீர்க் குழாய் இல்லாத கூரையிலிருந்து விழும் நீர், செம்மண்ணைச் சுவரில் தெறிக்க வைக்கும். தரையிலிருந்து ஓரடி உயரம் என்று கொண்டால் மூன்றரை மி.மீ. அந்தப் பட்டையை அடியில் அடர்த்தியாகவும் மேலே போகப் போக மங்கலாகவும், காய்ந்த தூரிகையால் செம்மண் தூளைத் தொட்டுத் தட்டிப் படிய வையுங்கள். கூரையிலிருந்து நீர் சொட்டும் கோட்டுக்கு நேர்கீழே தரையில் மெல்லிய ஓடை ஒன்றை அழுத்திவிட்டால் சுவர்க் கறைக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

அந்தத் தூளுக்கு உங்கள் ஊர் மண்ணையே எடுங்கள். நன்றாகக் காயவைத்து, வேட்டித் துணியில் சலித்த பிறகு, காகிதத்தில் பரப்பி அதன்மேல் உறையிட்ட காந்தம் ஒன்றை நகர்த்திப் பாருங்கள்; நம் மண்ணில் இருக்கும் இரும்புத் துகள்கள் கருமணலாகக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். காந்தம் சுத்தமாக வரும்வரை இதைச் செய்தாக வேண்டும். தவறவிட்டால் அந்தத் துகள்களை எஞ்சினின் மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும். தண்டவாளத்தின் இடையே போடும் ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து, அரை மி.மீ. முதல் முக்கால் மி.மீ. வரையுள்ள பருக்கைகளை மட்டும் எடுத்தால், உண்மையான 50 மி.மீ. ஜல்லிக்கு அளவு சரியாக வரும். அதையும் காந்தத்தால் சோதித்துவிடுங்கள். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு நீர், அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்துச் சொட்டு மருந்துக் குப்பியால் விட்டால் ஜல்லி குலையாமல் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய ஸ்ப்ரூ சட்டத்தையும் எறிய வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் 15 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, பக்கங்களைச் சமமில்லாமல் சுரண்டிச் சாம்பல் நிறம் பூசினால், நம் பக்கத்து வயலோரங்களில் நிற்கும் கருங்கல் வேலித்தூண்கள் தயார். அவற்றைக் கேபினுக்குப் பின்னால் 25 மி.மீ.க்கு ஒன்றாக நட்டு, இரண்டு வரிசை மெல்லிய கம்பியைக் கட்டினால் ரயில்வே எல்லையும் அமைந்துவிடும்.

மேட் வார்னிஷை மண்தூள் படிய வைத்த பிறகு மெலிதாக ஒரே ஒருமுறை அடியுங்கள். சன்னல் தாள்களை அதன் பிறகே பொருத்துங்கள். முன்பே பொருத்தினால் அவையும் மங்கிப்போகும்.